மல்லிகைச் சரமும் டெக்ஸாமெத்தசோனும்: மூளைக்கட்டி வீக்கம் பற்றிய ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த அம்மாவுக்கு 61 வயது. சிங்கப்பூரில் பஃபலோ ரோட்டுப் பக்கம் ஒரு பூக்கடையில் பல வருடமாகப் பூக்கட்டி வந்தவர். மகளோடு வீவக அடுக்குமாடி வீட்டில் இருந்தார். சர்க்கரைக்கு மெட்ஃபார்மினும் ரத்த அழுத்தத்துக்கு அம்லோடிபினும் பலதுறை மருந்தகத்தில் வாங்கிச் சாப்பிட்டுவந்தார். குடும்பத்தின் சம்மதத்தோடு, ஆளை அடையாளம் காட்டக்கூடிய விவரங்களை மாற்றி எழுதுகிறேன்.

நான் நரம்பியல் அறுவைச் சிகிச்சை வார்டில் வேலை பார்க்கும் தாதி. இதை எழுத ஒரே காரணம்தான். மூளை வீக்கத்தை வற்றவைக்கும் டெக்ஸாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரையைத் தொடங்க எங்கள் எல்லோருக்கும் தெரியும். அதை யார், எந்தத் தேதியில் குறைப்பது என்பது பல நேரம் எழுதப்படாமலே போய்விடுகிறது. விட்டுப்போன அந்த ஒரு வரியால் இந்த அம்மா மாதக்கணக்கில் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழ முடியாமல் இருந்தார்.

வந்த விதம்

தீபாவளிக்கு மூன்று வாரம் இருந்தது. பூக்கடையில் மூச்சுவிட நேரமில்லாத சமயம். காலையில் கண் விழிக்கும்போதே தலைவலி இருக்கும், பத்து மணிக்கு மேல் தானாகக் குறையும். தினமும் தலைக்குக் குளித்துவிட்டு ஈரத்தோடு கடைக்குப் போவதால் நீர் கோத்துக்கொண்டது என்று வீட்டில் நினைத்தார்கள். தைலம் தேய்த்தார்கள், ஆவி பிடித்தார்கள், பனடோல் கொடுத்தார்கள். அப்படி நினைத்ததில் தப்பில்லை, யாராக இருந்தாலும் அப்படித்தான் நினைப்பார்கள். ஆனால் விடியற்காலைத் தலைவலி என்றால் எங்கள் காது கூர்மையாகும். படுத்திருக்கும்போது தலையிலிருந்து ரத்தம் கீழே வடிவது மெதுவாகிறது. தூக்கத்தில் மூச்சு ஆழம் குறைந்து, ரத்தத்தில் கரியமில வாயு கொஞ்சம் கூடி, மூளையின் ரத்தக்குழாய்கள் விரிகின்றன. ஏற்கெனவே இடமில்லாமல் திணறும் மண்டைக்குள் இந்தச் சின்னக் கூடுதலே வலியாகத் தெரியும்.

கையில் வந்த மாற்றத்தை முதலில் பார்த்தவர் கடைக்காரர். பூக்கட்டும்போது இடது கைக் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் காம்புகளை அழுத்திப் பிடித்திருக்கும். வலது கை நூலைச் சுற்றி முடிச்சை இழுக்கும். இந்த அம்மா கட்டிய சரத்தில் பூ உதிர ஆரம்பித்தது. "என்னக்கா, முழத்துக்கு நாலு பூ கீழ விழுது?" என்று கேட்டிருக்கிறார். அம்மா பதில் சொல்லவில்லையாம். யார் எது கேட்டாலும் வெடுக்கென்று பேசுகிறவர் அந்த இரண்டு வாரமாகப் பேசாமல் இருந்தார் என்று மகள் பிறகு சொன்னார். மூளையின் முன்மடல் அமுங்கினால் பேச்சும் ஆர்வமும் இப்படித்தான் அடங்கும்.

ஒரு நாள் விடிகாலை இரண்டு முறை வாந்தி. எழுப்பினால் கண் திறக்கிறார், திரும்பவும் தூங்கிவிடுகிறார். மகள் ஆம்புலன்சுக்கு 995-ஐ அழைத்தார்.

அவசரப் பிரிவில் விழிப்பு நிலையைக் காட்டும் கிளாஸ்கோ அளவு 15-க்கு 14. இடது கையின் பலம் 5-க்கு 4. இரண்டு கையையும் முன்னால் நீட்டிக் கண்ணை மூடச் சொன்னால் இடது கை மெல்லக் கீழிறங்கியது. கண்ணுக்குள் பார்வை நரம்பின் வட்டு வீங்கியிருந்தது. சிடி ஸ்கேனில் வலது முன்மடலில் ஒரு கட்டி, அதைச் சுற்றி வெள்ளைப்பொருளில் விரல் விரலாகப் பரவிய கருமை. மூளையின் நடுக்கோடு 8 மி.மீ. இடப்பக்கம் தள்ளியிருந்தது.

அந்தக் கருமைதான் வீக்கம். கட்டியைவிட அதுதான் பெரியதாக இருந்தது.

ஏன் வீங்குகிறது

மகளுக்கு நான் சொன்ன விதத்திலேயே சொல்கிறேன். பெரியவர்களின் மண்டையோடு விரியாத பெட்டி. அதற்குள் ஏறக்குறைய 80 சதவீதம் மூளை, 10 சதவீதம் ரத்தம், 10 சதவீதம் தண்டுவட நீர். ஒன்று கூடினால் இன்னொன்று குறைந்து இடம் விடவேண்டும். கொஞ்ச தூரம்வரை நீரும் ரத்தமும் விலகிக்கொடுக்கும். அதற்கு மேல் முடியாதபோது அழுத்தம் ஒரேயடியாக ஏறும். அதனால்தான் நேற்றுவரை நடமாடியவர் இன்று மயங்கிக் கிடக்கிறார்.

மூளையின் ரத்தக்குழாய்களுக்கு மற்ற உறுப்புகளில் இல்லாத இறுக்கமான சுவர் உண்டு. வீரியமுள்ள மூளைக்கட்டி வேகமாக வளர ரத்தம் கேட்கிறது. அதற்காக விஇஜிஎஃப் என்ற புரதத்தைச் சுரந்து புதுக் குழாய்களை உண்டாக்குகிறது. அவசரத்தில் முளைத்த குழாய்கள், சுவர் ஒட்டாத குழாய்கள். அவற்றிலிருந்து நீரும் புரதமும் கசிந்து நரம்பிழைகளுக்கு நடுவே ஊறுகின்றன. இகோர் கிளாட்சோ 1967-இல் மூளை வீக்கத்தை இரண்டாகப் பிரித்தார். குழாய் கசிவதால் வருவது ஒன்று, செல்லே நீர் குடித்து உப்புவது மற்றது. பக்கவாதத்தின் தொடக்கத்தில் வருவது இரண்டாம் வகை, அதற்கு ஸ்டீராய்டு உதவாது. கட்டியைச் சுற்றி வருவது முதல் வகை, அதற்கு ஸ்டீராய்டு கேட்கும்.

முதல் நாள்கள்

டெக்ஸாமெத்தசோன் 10 மி.கி. ஊசி, அப்புறம் 6 மணி நேரத்துக்கு ஒரு முறை 4 மி.கி. ஸ்டீராய்டு போடுவதற்கு முன் ஒரு கேள்வி எப்போதும் வரும்: இது மூளை லிம்ஃபோமாவாக, அதாவது நிணநீர்ச் செல் புற்றுநோயாக இருந்தால்? லிம்ஃபோமா ஸ்டீராய்டுக்குக் கரைந்துவிடும், பிறகு சதை எடுத்துச் சோதித்தாலும் விடை கிடைக்காது. ஆனால் எம்ஆர்ஐயில் கட்டியின் நடுப்பகுதி அழுகி, சுற்றிலும் வளையமாகத்தான் ஒளிர்ந்தது, லிம்ஃபோமா போல இல்லை. நோயாளியோ அரைத் தூக்கத்தில் இருந்தார். காத்திருக்க முடியாது.

மற்றவை தாதிகளின் வேலை. தலைமாட்டை 30 டிகிரி உயர்த்தினோம். கழுத்து நேராக இருக்கும்படி தலையணையைச் சரிசெய்தோம், திரும்பிக் கிடந்தால் கழுத்து ரத்தக்குழாய் மடங்கும். டெக்ஸ்ட்ரோஸ் என்ற சர்க்கரை நீர் ஏற்றவில்லை, உப்புநீர்தான். முக்காமல் மலம் கழிக்க மருந்து கொடுத்தோம், முக்கினாலும் அழுத்தம் ஏறும். மூளையிலிருந்து நீரை இழுக்கும் மனிட்டால் 20 சதவீதக் குப்பியைக் கட்டில் பக்கத்திலேயே வைத்திருந்தோம். கண்மணி விரிந்தாலோ எழுப்பினால் எழவில்லை என்றாலோ அது ஓடும். அது சில மணி நேரத்துக்கு உயிரைப் பிடித்துவைக்கும் மருந்துதான். நல்லவேளை, தேவைப்படவில்லை.

இரண்டாம் நாள் இடது கை ஒரு நிமிடம் துடித்தது. வலிப்பைத் தடுக்கும் லெவெடிரசெட்டம் தொடங்கினார்கள். இன்னொரு வலிப்பு மருந்தான ஃபினைட்டாயின் கொடுத்தால் கல்லீரல் டெக்ஸாமெத்தசோனை வேகமாக அழித்துவிடும், அதனால் அதைத் தவிர்த்தார்கள்.

36 மணி நேரத்தில் ஆள் மாறிவிட்டார். மகள் கொண்டுவந்த தேத்தண்ணீரைக் குடித்துவிட்டு, "சீனி பத்தல" என்றார். மாலையில் கட்டிலில் உட்கார்ந்து, மகள் வாங்கிவந்த மல்லிகையைக் கட்டத் தொடங்கினார். ஒரு பூவும் நழுவவில்லை. 1961-இல் மின்னசோட்டாவில் கலிசிச், ஃபிரெஞ்ச் என்ற மருத்துவர்களும் அவர்களது குழுவினரும் இந்த மருந்தை மூளைக்கட்டி வீக்கத்துக்குக் கொடுத்துப் பார்த்த முடிவுகளை வெளியிட்டார்கள். அவர்களும் இப்படித்தான் அசந்துபோய் நின்றிருப்பார்கள் என்று அன்று நினைத்தேன்.

சர்க்கரை லிட்டருக்கு 22.4 மில்லிமோலுக்கு ஏறியது. அது எதிர்பார்த்ததுதான், இன்சுலின் தொடங்கினோம்.

ஐந்தாம் நாள் அறுவைச் சிகிச்சை. முன்கூட்டியே 5-ஏஎல்ஏ என்ற கரைசலைக் குடிக்கவைத்து, நீல ஒளியில் கட்டி இளஞ்சிவப்பாக மின்ன, கண்ணுக்குத் தெரிந்த எல்லாவற்றையும் எடுத்தார்கள். முடிவு: கிளியோபிளாஸ்டோமா என்ற மிக வீரியமான மூளைப் புற்றுக்கட்டி, 4-ஆம் நிலை, எம்ஜிஎம்டி மெத்திலேற்றம் இல்லாதது, அதாவது கீமோ மருந்துக்கு அவ்வளவாகக் கேட்காத வகை. அடுத்து 6 வாரத்தில் 30 தவணையாக 60 கிரே (கதிர் அளவு) கதிரியக்கச் சிகிச்சை, கூடவே டெமோசோலமைட் என்ற கீமோ மருந்து. 2005-இல் வெளிவந்த பெரிய ஆய்வில் இந்தச் சேர்க்கை இடைநிலை ஆயுளை (பாதிப்பேர் உயிரோடிருந்த காலத்தை) 12.1 மாதத்திலிருந்து 14.6 மாதமாகக் கூட்டியது. மகள் அந்த எண்ணைக் கேட்டார், மருத்துவர் மறைக்காமல் சொன்னார்.

விட்டுப்போன வரி

வீட்டுக்கு அனுப்பும் கடிதத்தில் இப்படி இருந்தது: டெக்ஸாமெத்தசோன் 4 மி.கி., இரு வேளை, மறு பரிசோதனை வரை தொடரவும். அந்த மாத்திரைகளை மகளிடம் எண்ணிக் கொடுத்து விளக்கியவள் நான்தான். எழுதியிருந்ததை அப்படியே வாசித்தேன். எந்தத் தேதிவரை என்று மருத்துவரிடம் கேட்கவில்லை. கேட்டிருக்க வேண்டும்.

கதிரியக்கம் வேறோர் இடத்தில் நடந்தது. இரண்டாவது வாரம் தலைவலி என்றார், 12 மி.கி.க்கு ஏற்றினார்கள். தலைவலி போய்விட்டது. யாரும் இறக்கவில்லை. கதிரியக்கம் கொடுத்தவர்கள் அறுவைச் சிகிச்சைக் குழு பார்த்துக்கொள்ளும் என்று நினைத்தார்கள். இந்தப் பக்கம் அவர்கள் பார்ப்பார்கள் என்று இருந்துவிட்டோம்.

அறுவைச் சிகிச்சை முடிந்து எட்டாவது வாரம் மகள் எனக்குப் பேசினார்.

"அக்கா, அம்மாவால எந்திரிக்கவே முடியல. பாத்ரூம்ல இருந்து ரெண்டு பேர் தூக்குறோம். கட்டி திரும்ப வருதா?"

மறுநாள் வரச்சொன்னோம். வந்தபோது கையிலிருந்த குறிப்பு: பலவீனம் கூடுகிறது, வீக்கம் அதிகரித்திருக்கலாம், டெக்ஸாமெத்தசோனை 16 மி.கி.க்கு உயர்த்தலாமா? அப்படித் தோன்றுவது இயல்புதான். மூளைக்கட்டி உள்ளவர் தளர்ந்தால் கட்டியைத்தான் முதலில் சந்தேகிப்போம்.

ஆனால் அந்த அம்மா காத்திருக்கும் நேரத்தில் பையிலிருந்து பூவை எடுத்துக் கட்டிக்கொண்டிருந்தார். வேகமாக, இறுக்கமாக. இடது விரல்கள் காம்பைப் பிடித்த பிடி அசையவில்லை. வலது முன்மடல் மறுபடி வீங்கினால் முதலில் தளர வேண்டியது அந்தக் கைதான். கை நன்றாக இருக்கிறது, கால் இரண்டும் ஒரே அளவில் போய்விட்டன. மூளையின் ஒரு பக்கத்து வீக்கம் இப்படிச் செய்யாது.

கையை மார்பில் கட்டிக்கொண்டு நாற்காலியிலிருந்து எழச் சொன்னேன். முடியவில்லை. உடம்பை முன்னால் ஆட்டிப் பார்த்தார், மறுபடியும் உட்கார்ந்துவிட்டார். பாதத்தை மேல்நோக்கி மடக்கச் சொன்னால் நல்ல பலம். தொடை மட்டும் மெலிந்திருந்தது, சேலைக்கு மேலேயே தெரிந்தது. முகம் உருண்டையாகியிருந்தது. நாக்கில் வெள்ளைப் படலம். இரவு இரண்டு மணிக்கு எழுந்து அலமாரியை அடுக்குகிறாராம், சின்னதற்கெல்லாம் எரிந்து விழுகிறாராம். "நான் இப்படி இல்லம்மா, எனக்கே என்னைப் புடிக்கல" என்று என் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னார். அது நோயின் குணமல்ல, மாத்திரையின் குணம் என்று சொன்னதும் அழுதுவிட்டார்.

மருத்துவரை அழைத்து எழுந்து நிற்கும் சோதனையை அவர் கண்ணாலேயே பார்க்கவைத்தேன். தசை நொதி சிகே சரியாக இருந்தது. ஸ்டீராய்டால் வரும் தசைத் தளர்ச்சியில் அது ஏறாது. சிடி ஸ்கேனில் வீக்கம் முன்னைவிட வெகுவாக வற்றியிருந்தது, நடுக்கோடு நடுவிலேயே இருந்தது. 16-க்கு ஏற்றியிருந்தால் மீதித் தொடையும் போயிருக்கும்.

இறக்குவது

இந்த மருந்தின் வேலை உடம்பில் ஒன்றரை நாளுக்கு மேல் நிற்கும். உயிருக்கு ஆபத்தான கட்டம் தாண்டிய பிறகு 6 மணிக்கொரு முறை தேவையே இல்லை. காலையில் ஒரு வேளை, இல்லையென்றால் காலையும் மத்தியானமும் போதும். அதற்கு மேல் கொடுத்தால் இரவுத் தூக்கம் போய்விடும். அளவும் அப்படித்தான். மூளைக்குப் பரவிய புற்றுநோயாளிகளிடம் நெதர்லாந்தில் செய்து 1994-இல் வெளியான ஆய்வில், மூளை பிதுங்கும் ஆபத்து இல்லாதவர்களுக்கு நாளொன்றுக்கு 4 மி.கி. கொடுத்தாலும் 16 மி.கி. கொடுத்தாலும் ஒரு வாரத்தில் கிடைத்த முன்னேற்றம் ஒன்றுபோலவே இருந்தது. தசைத் தளர்ச்சியும் உருண்டை முகமும்தான் 16-இல் கூடுதல். இவ்வளவு பழைய பாடம், இன்னமும் 16 என்ற எண் எங்கள் கையில் தானாக வருகிறது.

12-லிருந்து 8, அப்புறம் 6, 4 என்று வாரம் ஒரு படி இறங்கினோம். 4-க்குக் கீழே இன்னும் மெதுவாக. மகளுக்கு ஒரு தாளில் தேதியும் எத்தனை மாத்திரை என்பதும் தமிழில் எழுதிக் கொடுத்தேன். கடைசியில், எந்த அறிகுறி வந்தால் முந்தைய படிக்குத் திரும்புவது, யாரைக் கூப்பிடுவது என்பதும். இன்சுலினையும் கூடவே இறக்கவேண்டும், இல்லையென்றால் சர்க்கரை தாழ்ந்து மயங்குவார். காலை வேளை ஸ்டீராய்டுக்குச் சர்க்கரை மத்தியானத்துக்கு மேல்தான் ஏறும். வெறும் வயிற்றில் மட்டும் பார்த்துவிட்டு நன்றாக இருக்கிறது என்று நினைக்கக் கூடாது. நிமோசிஸ்டிஸ் நிமோனியா வராமலிருக்க கோ-ட்ரைமாக்சசோல் ஏற்கெனவே ஓடிக்கொண்டிருந்தது, அதை நிறுத்தவில்லை. ஹெப்படைடிஸ் பி பரிசோதனை முன்பே செய்திருந்தார்கள், இல்லை என்று வந்தது.

பொங்கல் கழிந்து, அளவு அரை மி.கி.க்கு இறங்கியபோது ஒரு சிக்கல். குமட்டல், சோர்வு, எழுந்தால் கிறுகிறுப்பு. வீக்கம் திரும்புகிறது என்று மகள் பயந்தார். இங்கேதான் பலர் மறுபடி 8-க்கு ஏறிவிடுகிறார்கள். தலைவலி இல்லை, கை தளரவில்லை, படுத்தால் ரத்த அழுத்தம் சரியாகவும் நின்றால் தாழ்ந்தும் இருந்தது. உடம்பே சுரக்கும் ஸ்டீராய்டான கார்ட்டிசால் காலை எட்டு மணிக்கு மிகக் குறைவு. மாதக்கணக்கில் ஸ்டீராய்டு வெளியிலிருந்து வந்ததால் அட்ரினல் சுரப்பி தன் வேலையை நிறுத்திவிட்டிருந்தது. அதற்கு ஈடாக ஹைட்ரோகார்ட்டிசோன் சிறிய அளவில் கொடுத்தார்கள். காய்ச்சல், வாந்தி வந்தால் அளவைக் கூட்டவேண்டும் என்று எழுதிய அட்டையைப் பர்ஸில் வைக்கச் சொன்னோம்.

தொடைக்கு மருந்து கிடையாது. இயன்மருத்துவர் கட்டிலை உயர்த்தி, அதிலிருந்து எழப் பழக்கினார், வாரம் ஒரு விரற்கடை தாழ்த்தினார். முட்டை, மீன், பருப்பு. மார்ச் கடைசியில் கடையில் இருக்கும் தாழ்வான ஸ்டூலிலிருந்து பிடிமானம் இல்லாமல் எழுந்தார். மகள் அதை வீடியோ எடுத்து அனுப்பினார்.

இடையில் ஒன்று. ஊரிலிருந்து வந்த தம்பி, பறங்கிச் சாம்பிராணிப் பிசின் மூளை வீக்கத்துக்கு நல்லது என்று கேள்விப்பட்டேன், அக்காவுக்குக் கொடுக்கலாமா என்று கேட்டார். சிரித்து ஒதுக்கவேண்டிய கேள்வி அல்ல அது. ஜெர்மனியில் 44 பேரிடம் செய்து 2011-இல் வெளியான ஆய்வில், கதிரியக்கத்தின்போது அந்தப் பிசின் சாற்றை வில்லையாகச் சாப்பிட்டவர்களில் 60 சதவீதம் பேருக்கு வீக்கம் முக்கால் பங்குக்கு மேல் வற்றியது, வெற்று வில்லை சாப்பிட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கு. நல்ல செய்திதான், ஆனால் சின்ன ஆய்வு. அதுவும் அளவிட்டுத் தயாரித்த வில்லை. பூஜைக்குப் புகை போடும் சாம்பிராணியைக் கரைத்துக் குடித்தால் என்ன உள்ளே போகிறதென்றே தெரியாது. இதைச் சொன்னதும் அவர் புரிந்துகொண்டார், கொடுக்கவில்லை.

திரும்பி வந்தபோது

ஆடி மாதம் பூ மறுபடி நழுவியது. இம்முறை அம்மாவே போன் செய்தார். "கை பழையபடி ஆவுதும்மா."

கதிரியக்கம் முடிந்து மூன்று மாதத்துக்குள் ஸ்கேன் மோசமாகத் தெரிந்தால், சிகிச்சையின் விளைவாகவே இருக்கலாம் என்று பொறுத்துப் பார்ப்பதுண்டு. இது அதைத் தாண்டிய காலம். ரத்த ஓட்டத்தை அளக்கும் எம்ஆர்ஐ கட்டி வளர்வதைத்தான் காட்டியது. வீக்கமும் கூடவே. இன்னொரு அறுவை உதவாது என்று கூடிப் பேசி முடிவெடுத்தார்கள்.

மறுபடி அந்த மாத்திரையா என்று அம்மா கேட்டார். 4 மி.கி. காலையில் மட்டும், இரண்டு வாரம், தேதி எழுதியாயிற்று என்றதும் ஒத்துக்கொண்டார். அதற்குள் பெவாசிசுமாப் தொடங்கினார்கள், கிலோவுக்கு 10 மி.கி., இரண்டு வாரத்துக்கு ஒரு முறை. கட்டி சுரக்கும் விஇஜிஎஃப்-ஐ இது பிடித்துக் கட்டிவிடும். குழாய்ச் சுவர் இறுகும், கசிவு நிற்கும். அதாவது ஸ்டீராய்டின் வேலையைத் தசையைத் தின்னாமல் செய்யும். ஆனால் ரத்த அழுத்தம் ஏறும், சிறுநீரில் புரதம் போகும், ரத்தம் கசியலாம், உறையலாம், புண் ஆறாது. ஒவ்வொரு முறையும் அழுத்தமும் சிறுநீரும் பார்த்துத்தான் ஊசி.

இது ஆயுளைக் கூட்டாது என்பதை மருத்துவர் தெளிவாகச் சொன்னார். புதிதாகக் கண்டறிந்தவர்களிடம் செய்து 2014-இல் வெளியான இரண்டு பெரிய ஆய்வுகளிலும் உயிர் நீளவில்லை. ஸ்கேன் பளிச்சென்று தெளியும், கட்டி உள்ளே போய்க்கொண்டேயிருக்கும். செலவுக் கணக்கை மருத்துவ சமூக ஊழியர் மெடிஷீல்டு லைஃப் காப்பீடு, மெடிசேவ் சேமிப்பு எல்லாவற்றையும் வைத்து மகளோடு உட்கார்ந்து போட்டுப் பார்த்தார். அம்மா கேட்டது ஒன்றுதான்: "தீபாவளிக்குப் பூக்கட்ட முடியுமா?" முடியலாம் என்றார் மருத்துவர்.

இரண்டாவது ஊசிக்குப் பிறகு கை திரும்பியது. டெக்ஸாமெத்தசோன் 1 மி.கி.க்கு வந்தது, பிறகு நின்றது. அதன் இடத்தில் ஹைட்ரோகார்ட்டிசோன் மட்டும். தீபாவளி வாரம் கடையில் நாலு நாள் உட்கார்ந்தார், ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம்.

நவம்பர் கடைசியில் தூக்கம் கூடியது, விழுங்குவது தடுமாறியது. கடைசிக் காலத்தில் என்ன வேண்டும், என்ன வேண்டாம் என்பதை அவர் தெளிவாக இருந்தபோதே மகளிடமும் மருத்துவரிடமும் சொல்லிவைத்திருந்தார்: வீட்டில் இருக்கவேண்டும், தலை வலிக்கக் கூடாது. பெவாசிசுமாப்பை நிறுத்தினார்கள். வீட்டுக்கு வரும் அந்திமகாலப் பராமரிப்புத் தாதி டெக்ஸாமெத்தசோனை நாளுக்கு ஒரு முறை தோலுக்கடியில் போட்டார், வலிக்கு மார்ஃபின். இம்முறை இறக்கும் அட்டவணை இல்லை. வீக்கம் மேலும் கூடினால் அளவை ஏற்றுவதில்லை என்று குடும்பமும் மருத்துவரும் சேர்ந்து முடிவெடுத்தார்கள். ஏற்றினால் சில நாள் விழிப்பு நீளும், கூடவே அந்த அமைதியின்மையும் தூக்கமின்மையும் வரும். மார்ஃபினும் 4 மி.கி. டெக்ஸாமெத்தசோனும் போதுமாக இருந்தன. ஒன்பதாம் நாள் விடியற்காலை போய்ச்சேர்ந்தார்.

ஒரு மாதம் கழித்து மகள் மீதி மாத்திரைகளைத் திருப்பித்தர ஒரு மைலோ டின்னில் போட்டுக் கொண்டுவந்தார். டின்னுக்குள் நான் எழுதிக்கொடுத்த தாள் நாலாக மடித்து இருந்தது. ஒவ்வொரு தேதிக்கும் நேராக நீல மையில் ஒரு கோடு. மார்ச் மாதத்து வரி ஒன்றின் பக்கத்தில் அம்மாவின் கையெழுத்தில், "இன்னைக்கு ஸ்டூல்ல இருந்து எந்திரிச்சேன்."